எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராவல் குவாரி

சித்தப்பா போன் பண்ணினால் ஊரில் மழை பெய்ததா இல்லையா என்பதில்தான் பேச்சு தொடங்கும். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "ஏப்பா, நம்ம கொல்லைக்கு மேக்கால செவப்பு பெயிண்ட் அடிச்சுக் கல்லு நட்டுருக்காங்க, உனக்கு எதுவும் தெரியுமா?" என்றார். சென்னையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன தெரியும்? கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு நம்பர், அதற்குக் கீழே அட்சரேகை தீர்க்கரேகை. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, ரோட்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் கிராவல் மண் வெட்டுகிற குவாரி வரப்போகிறது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். தென்னை, பலா, பூ, சோளம் என்று எல்லாம் போட்டு வாழ்ந்த செம்மண் பூமி. அந்தப் பக்கத்து நிலம் ஒரு காலத்தில் நல்ல தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ஒரே ராத்திரியில் பாதி மரம் சாய்ந்தது, மிச்சம் இருந்தது கொண்டை திருகிப் பட்டுப்போனது. நிலத்துக்காரர் ஒரு வருடம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். தரிசாகக் கிடந்த நிலத்தை யாரோ ஒருவர் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார், அவரும் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தென்னங்கன்று வைத்துக் காய்க்கிற வரைக்கும் அவர் வீட்டில் யார் சோறு போடுவார்கள்?

ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "நம்ம ஏரியாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, குவாரியெல்லாம் எப்படி வரும்?" நானும் கொஞ்ச நேரம் அதை நம்பினேன். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம் 2017இல் நடந்தபோது எங்கள் ஊர் ஆட்களும் போய் உட்கார்ந்தவர்கள்தான். அதற்கப்புறம் 2020இல் வந்த சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் எங்கள் ஒன்றியமும் ஒன்று. சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் தடை செய்திருப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பது இந்த மாதிரி. எங்கள் ஊரில் கப்பல் உடைக்கக் கூடாது என்று இருக்கிறது, கிராவல் வெட்டக் கூடாது என்று எங்கும் இல்லை.

இங்கேதான் எனக்கு முதல் குழப்பம். நகரத்தில் ஒரு மனை வாங்கினால் அது குடியிருப்பு மண்டலமா, வணிக மண்டலமா, தொழில் மண்டலமா என்று முழுமைத் திட்ட வரைபடத்தில் கலர் அடித்து வைத்திருப்பார்கள். நம் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதில் 'மேம்பாடு' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போது கட்டடம் கட்டுவதோடு சேர்த்துச் சுரங்கம் தோண்டுவதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முழுமைத் திட்டமே இல்லாத கிராமத்தில் எந்தக் கலரைப் போய்ப் பார்ப்பது? எங்களிடம் இருப்பதெல்லாம் வருவாய்த்துறையின் அ-பதிவேடும் புலப்படமும்தான். நஞ்சை, புஞ்சை, தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, ஓடை, வண்டிப்பாதை. இந்த இடத்தில் இது இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு அது. நாளைக்கு இங்கே எது இருக்கலாம் என்று கேட்டால் அதற்கு வாய் கிடையாது. மண்டலத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருவது மாவட்டத்துக்கு மாவட்டம் தயாரிக்கிற கனிம ஆய்வு அறிக்கை. 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த ஏற்பாடு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதிலும் மண் எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் பக்கம் பக்கமாக விவரம், அந்த மண்ணின் மேல் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அவ்வளவு இடம் இல்லை.

மண்டலம் இல்லாத ஊரில் அந்த வேலையைத் தூரக் கணக்கு செய்கிறது. 1959ஆம் வருடத்துச் சிறு கனிம விதிகளில், ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய், பொதுச்சாலை இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி என்று இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்களே, அது கல் குவாரிக்குச் சொன்னது. அப்புறம், எங்கே எவ்வளவு எப்படி வெட்டப்போகிறோம் என்று குத்தகைக்காரர் எழுதிக்கொடுக்கிற சுரங்கத் திட்டங்களில் வழக்கமாகப் போடுவது, பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், அரசு நிலம் என்றால் 10 மீட்டர் தோண்டாமல் விட வேண்டும். அந்த ஏழரை மீட்டருக்கு இந்தப் பக்கம் சித்தப்பாவின் மல்லிகை.

எங்கள் ஊர்க் குவாரியின் சுரங்கத் திட்டத்தை, சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடி எடுத்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பொறுமை மட்டும் வேண்டும். நிலத்தின் பரப்பு ஐந்து ஹெக்டேருக்குக் கொஞ்சம் கீழே, 4.90.0 என்று, அதாவது 4.9 ஹெக்டேர் என்று எழுதியிருந்தது. ஏன் இப்படி ஐந்தைத் தொடாமல் நிற்கிறது என்று உங்களுக்கும் தோன்றும். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு கனிமமானாலும் எவ்வளவு சின்ன குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகு அனுமதிக்குள்ளேயே இரண்டு வரிசை உண்டாயிற்று. ஐந்து ஹெக்டேருக்கு மேல் போனால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு எல்லாம் உண்டு. கீழே இருந்தால் இரண்டும் கிடையாது. 500 மீட்டருக்குள் வேறு குவாரி இருந்தால் பரப்பைக் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும், எங்கள் ஊரில் அப்படி நடப்பில் எதுவும் இல்லை. ஆக, கூட்டம் போட்டு யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமலேயே காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. சட்டப்படி அதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல்.

திட்டம் எண்பது பக்கத்துக்கு மேல். முதல் பாதி முழுக்க மண் எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கு. நானும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 4.9 ஹெக்டேரைச் சதுரமாக நினைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 221 மீட்டர் வரும். சுற்றிலும் ஏழரை விட்டால் உள்ளே 206க்கு 206. இரண்டு மீட்டர் ஆழம் கிராவல் எடுத்தால் கிட்டத்தட்ட 85,000 கன மீட்டர். லாரிக்காரர்கள் யூனிட்டில்தான் பேசுவார்கள், ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்படிப் பார்த்தால் முப்பதாயிரம் யூனிட். மூன்று யூனிட் டிப்பர் என்றால் பத்தாயிரம் நடை. எங்கள் ஊர்ச் சாலையில். பள்ளிக்கூடத்தைத் தாண்டி.

இந்தக் கணக்கெல்லாம் தசமப் புள்ளியோடு எழுதியிருந்தவர், குவாரி முடிந்த பிறகு அந்த நிலம் என்ன ஆகும் என்பதற்குக் கடைசியில் ஒரு பாரா ஒதுக்கியிருந்தார். குழியைச் சுற்றி வேலி போடப்படும், ஓரத்தில் வேம்பும் புங்கனும் நடப்படும், குழி மழைநீர் சேகரிப்புக் குளமாகப் பயன்படும். அவ்வளவுதான். சந்தேகம் வந்து வேறு மாவட்டங்களின் திட்டங்கள் நாலைந்தை எடுத்துப் பார்த்தேன், அதே பாரா. ஒன்றில் ஊர்ப் பெயரைக்கூட மாற்ற மறந்திருந்தார்கள்.

மழைநீர்க் குளம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017 வறட்சியில் சென்னைக்குச் சிக்கராயபுரம் கல் குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள், அதைக் குடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது பாறைக்குழி, பல பத்து அடி ஆழம், தண்ணீர் நிற்கும். இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் என்று ஒரு இடம் இருக்கிறது, கிராவல் வெட்டின குழிகளெல்லாம் சேர்ந்து 150 ஏரிகளுக்கு மேல், படகு விடுகிறார்கள், பறவை வருகிறது. அங்கே கிராவல் இருப்பதே நிலத்தடி நீர்மட்டத்துக்குள், வெட்டினால் ஏரி தானாக வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் போர் போட்டால் பல நூறு அடிக்குக் கீழேதான் தண்ணீர். இரண்டு மீட்டர் பள்ளத்தில் ஐப்பசி கார்த்திகையில் செந்தண்ணீர் நிற்கும், தையில் சேறாகும், மாசியில் வெடித்துக் கிடக்கும். அதற்குள் சீமைக்கருவேலம் இறங்கிவிடும்.

இது ஊகம் இல்லை. ஊருக்கு வடக்கே ஒரு பழைய குழி இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ரோடு போட வெட்டினது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவைப் பின்னால் உட்கார வைத்து வண்டியில் அங்கே போனேன். குழிக்குள் கருவேலமரம் தவிர ஒரு புல் இல்லை. கரை இன்னும் செங்குத்தாகச் சுவர் மாதிரியே நிற்கிறது, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உடைந்து பக்கத்து வரப்பைத் தின்றுகொண்டு வருகிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் இரண்டு தடவை வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார். "இதுல எங்க வெள்ளாடு ரெண்டு விழுந்து கால் ஒடிஞ்சுச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் சித்தப்பா. எனக்கு ஆடு ஞாபகம் இல்லை, அதற்குப் பிறகு வீட்டில் மூன்று நாள் கறி இருந்தது ஞாபகம் இருந்தது.

குழியின் தரையில் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்பதுதான் விஷயமே. எங்கள் ஊரில் மேலே ஒரு அடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை அடிதான் உயிருள்ள மண். வேர், புழு, விதை எல்லாம் அதற்குள்தான். அதற்குக் கீழே இருக்கிற கிராவல் ரோட்டுக்கு நல்லது, செடிக்கு ஆகாது. அந்த ஒரு அடியை முதல் நாளே தனியாக வழித்து எடுத்துக் குவித்து, அடுத்த வருடம் திரும்பப் பரப்பினால் நிலம் பிழைக்கும். குவியலும் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் அடியில் இருக்கிற மண் மூச்சு முட்டிச் செத்துவிடும். மேலே சணப்பையோ கொழிஞ்சியோ விதைத்துவிட்டால் மழையில் கரையாது. இதற்கு நிபுணர் வேண்டியதில்லை, சித்தப்பாவே சொல்லுவார். ஆனால் திட்டத்தில் மேல்மண் என்ற தலைப்புக்குக் கீழே எழுதியிருந்தது என்ன தெரியுமா? இங்கே மேல்மண் இல்லை, முழு ஆழமும் கிராவல்தான். தென்னந்தோப்பு இருந்த நிலத்தில் மேல்மண் இல்லையாம்! அப்படி எழுதினால் அந்த ஒரு அடியும் கணக்கில் கிராவலாகிவிடுகிறது. பரப்பு முழுவதற்கும் போட்டால் 12,000 கன மீட்டருக்கு மேல், நாலாயிரம் யூனிட்டைத் தாண்டும். சும்மா விடுவார்களா.

கரைச் சரிவும் இப்படித்தான். உலோகச் சுரங்கங்களுக்கான 1961 விதிமுறைகளில், மண், சரளை, கிராவல் வெட்டும்போது கரையை 45 பாகைக்கு மேல் செங்குத்தாக விடக் கூடாது, இல்லையென்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு படி வெட்ட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1952 சுரங்கச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கிராவல் மாதிரியான திறந்தவெளிக் குழி ஆறு மீட்டருக்கு மேல் போகாமல், வேலையாட்கள் ஐம்பது பேருக்கு மேல் இல்லாமல், வெடி வைக்காமல் இருந்தால் சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாது என்று. இரண்டு மீட்டர் குழி அதற்குள் அடங்கிவிடும். அதனால் சரிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் திட்டத்துக்குள்ளேயும் அனுமதி நிபந்தனைக்குள்ளேயும் எழுத வைத்தால்தான் உண்டு.

அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன், இது எனக்கே ஆச்சரியம். 45 பாகைக்குப் பதிலாக ஆடு மாடு ஏறி இறங்குகிற மாதிரி ஒன்றுக்கு மூன்று சரிவு விட்டால், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஆறு மீட்டர் படுக்கை. சுற்றளவு 824 மீட்டர். கூடுதலாக வெட்டாமல் விட வேண்டியது 3,300 கன மீட்டர், மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு. குத்தகைக்காரர் நூறு லோடில் நாலு லோடை விட்டுக்கொடுத்தால் பக்கத்துக் கொல்லை சரியாது, ஆடு விழாது, தண்ணீர் வழிந்து உள்ளே போகும், நாளைக்கு டிராக்டர் இறங்கும். இந்த நாலு லோடைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அந்த நிலம் கடைசியில் சோளக்கொல்லையா, மேய்ச்சலா, குளமா என்று முதலிலேயே முடிவு பண்ணினால்தான் ஆழம் எவ்வளவு, சரிவு எவ்வளவு, எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிப்பது என்று சொல்லவே முடியும். வீடு கட்டும்போது கக்கூஸ் எங்கே என்று கடைசி நாளில் யோசிப்போமா? இங்கே அப்படித்தான் நடக்கிறது.

சரி, புலம்பி என்ன பண்ண. ஒரு மனு எழுதினேன். குவாரியே வேண்டாம் என்று எழுதச் சொல்லி ஊரில் ஒரு பக்கம் அழுத்தம், எழுதினால் அது தடுப்பு மனு என்று ஓரமாகப் போய்விடும் என்று எனக்குப் பயம். நானே போன வருடம் வீட்டுக்கு அஸ்திவாரம் நிரப்ப எட்டு லோடு கிராவல் இறக்கியவன், வேறு எங்கோ ஒரு ஊரின் கொல்லைதானே அது. அதனால் நாலே விஷயம் கேட்டேன். மேல்மண்ணைத் தனியாகக் காட்ட வேண்டும், குவிக்கிற இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். சரிவு ஒன்றுக்கு மூன்று. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கிளறாமல் மூன்று துண்டாகப் பிரித்து, முதல் துண்டில் மண் திரும்பப் பரப்பிப் புல் வந்த பிறகுதான் மூன்றாவதில் கை வைக்க வேண்டும். நாலாவது வரத்துவாரி. புலப்படத்தில் ஓடை என்று இருப்பது திட்டத்தின் வரைபடத்தில் வண்டிப்பாதை என்று மாறியிருந்தது. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஒரே வழி அது. கஜாவுக்கு அப்புறம் ஊர்ப் பையன்கள் கைக்காசு போட்டுத் தூர்வாரின கண்மாய்.

புல் விஷயத்துக்கு எனக்கு ஒரு பிடி கிடைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் திரும்பப் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிர்களும் வளரத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. அமைச்சகமும் அதே மாதம் சுற்றறிக்கை விட்டது. எங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். அதுவரை வராத அப்பத்தாக்கள் எல்லாம் புல் என்றதும் வந்து கைநாட்டு வைத்தார்கள். மேல்மண் இல்லை என்பதற்கு மறுப்பாக மூன்று இடத்தில் குழி தோண்டி, மண் நிறம் மாறுகிற இடத்தில் டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து ஒட்டினேன். 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சவுடு மண் என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் போட்டு அனுமதி கொடுக்காதீர்கள், மண்ணில் என்ன இருக்கிறது என்று சோதித்துக் கொடுங்கள் என்று சொன்னதையும் ஒரு வரி சேர்த்தேன்.

ஆய்வுக்கு வந்தார்கள். அதிகாரி ஒருவர் வரத்துவாரியில் இறங்கி நடந்து பார்த்தார், வெயிலில் முழுசாக நடந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். சில மாதம் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. ஓடை ஓடையாகவே திரும்ப வந்திருந்தது, அதற்கு 50 மீட்டர் விட்டதில் பரப்பும் குறைந்தது. மேல்மண் முப்பது சென்டிமீட்டர் என்று ஏற்றுக்கொண்டு, கிழக்கு ஓரத்தில், எங்கள் கொல்லையை ஒட்டி, குவியலுக்கு இடம் குறித்திருந்தார்கள். சரிவு 45 பாகைதான். மூன்று துண்டு யோசனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளம் என்ற அந்தப் பாரா மட்டும் போய் 'தீவனப்புல்' என்று வந்திருந்தது. இங்கிலாந்தில் மண்ணைத் திரும்பப் பரப்பின பிறகு ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுவது வழக்கம், இங்கே அந்தப் புல்லுக்கு யார் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எழுதவில்லை.

இப்போது வேலை நடக்கிறது. ஹிட்டாச்சி சத்தம் போனில் கேட்கிறது. மேல்மண்ணை நிஜமாகவே தனியாகக் குவித்திருக்கிறார்கள், சித்தப்பா வாரத்துக்கு ஒரு போட்டோ அனுப்புகிறார். போன மழைக்கு அதன் மேல் தானாகவே கொழிஞ்சி முளைத்து நிற்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடக் காட்டினேன்.

நேற்று சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். மழை, ஆடு, பூ விலை எல்லாம் பேசிவிட்டுக் கொஞ்சம் இழுத்தார். "ஏப்பா, அந்தக் குமிச்சு வச்சிருக்கிற மேமண்ணு இருக்குல்ல... நம்ம மல்லியக் கொல்லைக்கு ஒரு பத்து டிப்பர் அடிச்சுக்கிறீங்களான்னு குவாரி மேனேஜர் கேக்குறாரு. வெல கம்மிதான். உனக்குத் தெரியாமச் செய்யக் கூடாதேன்னுதான் கேக்குறேன்."